படித்துப் பெற்ற தருமம் – பண்டிதர் அயோத்திதாசர் சரிதம்

உலகில் ஒரு தருமம் மாந்தரை வந்தடையும் வழிகள் பலவாம். சிலருக்கு அது பிறப்போடு வருகின்றது. தாய் தந்தையர் கைபிடித்து அழைத்துச் செல்லும் ஆலயத்திலேயே தொடங்கிவிடுகின்றது. சில நாடுகளில் மன்னன் ஏற்றதனால் மக்களும் ஏற்றனர். சில தீவுகளுக்கு அது வாணிகரின் மரக்கலங்களில் ஏறிச் சென்றது. தமிழ்ப் பௌத்தராகிய நமக்கோ அது படிப்பின் வழியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்கள் சென்று வணங்கத்தக்க விகாரையும் இல்லை. அணுகிக் கேட்கத்தக்க பிக்குகளும் இல்லை. இருந்தவை ஓலைச்சுவடிகளும், அவற்றிலிருந்து அப்போதுதான் அச்சேறத் தொடங்கிய சில நூல்களுமே. அவற்றைப் பொறுமையுடன் படித்து, படித்ததைப் பிறருக்கும் படிப்பித்து, மறைந்து கிடந்த தருமத்தை மீண்டும் மக்கள் வாயில் வழங்கச் செய்தவர் பண்டிதர் க. அயோத்திதாசர் ஆவார்.

அப்பெரியாரின் பெயரை அறியாத உபாசகர் நம்மில் இல்லை. ஆண்டுதோறும் அவர் படத்திற்கு மாலை சாத்துகிறோம். ஆயினும் அவர் எவ்வழியால் பெரியார் ஆனார் என்பதை இக்காலத்தில் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கும் அவசியம் நேர்ந்திருக்கிறது. அவர் நமக்குக் காட்டிய வழி படிப்பு. அப்படிப்பு நம் இல்லங்களைவிட்டு மெல்ல வெளியேறுகின்றது. அவ்விடத்தைக் கைபேசியின் திரை பிடித்துக்கொண்டு வருகின்றது. படித்துப் பெற்ற பொருளைப் படியாமல் காத்துக்கொள்ள இயலுமா என்பதே இச்சரிதத்தின் வாயிலாக நாம் ஆராயப் புகும் கேள்வியாகும்.

ஓலை காத்த குடும்பம்

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தந்தையார் கந்தசாமி, பாட்டனார் கந்தப்பன். பாட்டனார் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயத் துரையிடம் பட்லராக இருந்தவர். துரை வீட்டுச் சமையற்கட்டையும் உணவு மேசையையும் கவனிப்பது அவர் தொழில். ஆயினும் அவர் வீட்டில் திருக்குறளும் நாலடி நானூறும் ஏட்டுச்சுவடிகளாய்ப் போற்றிக் காக்கப்பட்டிருந்தன. அச்சுவடிகளை அவர் துரையிடம் கொடுக்க, அவை தமிழன்பரான எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேற வழி பிறந்தது என்னும் செய்தியைப் பண்டிதரே தம் பத்திரிகையில் எழுதி வைத்துள்ளார். திருக்குறள் முதன்முதலாக அச்சில் வந்த ஆண்டு 1812.

இச்செய்தியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீண்டத்தகாதார் என்று ஊரார் ஒதுக்கி வைத்த ஒரு குடும்பம். பிறர் வீட்டில் ஊழியம் செய்து பிழைத்த குடும்பம். அக்குடும்பத்தார் பரம்பரைச் சொத்தென்று வைத்திருந்தது நிலமன்று, நகையன்று, ஏடுகள். ஓலைச்சுவடியைக் காப்பது எளிய செயலும் அன்று. பூச்சி அரிக்கும்; ஈரம் கெடுக்கும்; சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பார்த்துப் பிரதி எடுக்காவிடில் ஏடு இற்றுப்போகும். எடுத்துப் பார்ப்பவர் உள்ள வீட்டிலேதான் சுவடி நிலைத்து நிற்கும்.

அவ்வீட்டுப் பிள்ளையாகிய காத்தவராயன் இளமையில் தமிழ் இலக்கணம், இலக்கியம், சித்த வைத்தியம் ஆகியவற்றை முறையாகக் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றார். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயரிடம் கொண்ட பேரன்பினால், பெற்றோர் இட்ட பெயரை விடுத்து ஆசிரியர் பெயரையே தம் பெயராகக் கொண்டார். கல்வியை இவ்வளவு உயர்வாக மதித்த மாணவர் எந்நாட்டிலும் சிலரே. சித்த வைத்தியம் அவருக்குச் சீவனோபாயமாயிற்று. நாடி பார்த்து மருந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டே அவர் வாழ்நாள் முழுதும் படித்தார்; எழுதினார்.

கேட்டதும் பெற்றதும்

வாலிபப் பருவத்தில் பண்டிதர் நீலகிரியில் வாழ்ந்தார். அக்காலத்தில் அவர் அத்வைத வேதாந்தத்தில் பற்றுடையவராய் இருந்தார். 1870-களில் அங்கே அத்வைதானந்த சபை என ஒன்றை நிறுவி நடத்தினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் கொள்கை நூலில் இருந்தது. தெருவிலோ கிணற்றடியிலோ அது காணப்படவில்லை. இந்த முரண்பாடு அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1885-இல் அருட்திரு ஜான் இரத்தினம் என்பாருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழின் பணியில் ஈடுபட்டார். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். குடிக்கணக்கெடுப்பில் தம் மக்கள் சாதிபேதமற்ற திராவிடர் எனத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டுமென்று வற்புறுத்தினார்.

1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்குப் பண்டிதர் பிரதிநிதியாகச் சென்றார். சிவன் கோவிலிலும் விஷ்ணு கோவிலிலும் தம் மக்களும் நுழைந்து வழிபடலாகாதா என்று அவர் வினவியபோது, சபையில் பலத்த மறுப்பு எழுந்தது. அச்சாமிகள் உங்களுக்கு உரியன அல்ல என்னும் பொருள்பட ஒருவர் எழுந்து பேசினார். பண்டிதர் அதனோடு மன்றாடி நிற்கவில்லை. அங்ஙனமாயின் அச்சாமிகள் தமக்கு வேண்டா என்று கூறிவிட்டு, தம் மக்களின் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையில் இலவசக் கல்வியும், குடியிருந்து பயிரிடத் தரிசு நிலமும் வேண்டும் எனக் கேட்டார். இவ்விரண்டும் தீர்மானங்களாக ஏற்கப்பட்டன.

கோவிற் கதவு அடைபட்ட அந்நேரத்தில் அவர் முதலில் கேட்டது எழுத்தறிவு. நான்காம் வகுப்பு என்றால் என்ன? ஒரு பிள்ளை கூட்டெழுத்தின்றிப் படிக்கவும், கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும் வல்லதாகும் அளவு. அவ்வளவு கிடைத்தால் மற்றதைத் தாமே படித்துத் தேடிக்கொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கையாய் இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் செய்தவை யாவும் இந்நம்பிக்கையின்மீது எழுந்தவையே.

தருமம் கண்ட வரலாறு

அக்காலத்தில் பழந்தமிழ் நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறிக்கொண்டிருந்தன. புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் 1881-இல் வெளிவந்தது. சீவக சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சுருப் பெற்றன. இவற்றோடு நிகண்டுகளையும் ஔவையார் நூல்களையும் குறளையும் வைத்துப் பண்டிதர் ஓயாது ஆராய்ந்தார். ஒரு சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள் என்ன, பழைய உரையில் உள்ள பொருள் என்ன, இடையில் அது எவ்வாறு திரிந்தது என்று சொல் சொல்லாகப் பார்த்தார். தாழ்த்தப்பட்டோராய்க் கிடக்கும் தம் மக்கள் பழங்காலத்துப் பௌத்தர்களே என்பதும், அத்தருமத்தைக் கைவிடாததனாலேயே அவர்கள் தாழ்த்தப்பட்டனர் என்பதும் அவர் கண்ட முடிவு. கார்த்திகைத் தீபம், தீபாவளி முதலிய பண்டிகைகளுக்கும் அவர் பௌத்த வரலாறு கூறினார். அவர் கூறிய பொருள்களுள் சிலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஏற்பர், சிலவற்றை மறுப்பர். அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. பிறர் நமக்கு எழுதி வைத்த வரலாற்றை அப்படியே ஏற்காமல், நூலை நாமே திறந்து பார்க்கலாம் என்னும் துணிவை முதலிற் காட்டியவர் அவரே.

1898-ஆம் ஆண்டில் பண்டிதர் பிரம்மஞான சங்கத் தலைவர் கர்னல் ஆல்காட்டைச் சந்தித்தார். ஆல்காட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1894 முதல், சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தி வந்தவர். அவருடைய உதவியுடன் பண்டிதரும், பி. கிருஷ்ணசாமியாரும் கொழும்பு நகரம் சென்றனர். அங்கே வித்தியோதய பிரிவேனாவின் தலைவரான ஹிக்கடுவே சுமங்கல நாயக்க தேரரிடம் பண்டிதர் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 53. படித்துப் படித்து ஐம்பது கடந்தபின் அவர் சரணம் புகுந்த ஆண்டும், மேற்கூறிய மணிமேகலைப் பதிப்பு அச்சில் வந்த ஆண்டும் ஒன்றே.

நான்கு பக்கமும் ஒரு பைசாவும்

சங்கம் அமைந்தது. ஆனால் மக்கள் பல ஊர்களிற் சிதறிக் கிடந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நாள் முழுதும் உடலுழைப்புச் செய்வோர். அவர்களை எவ்வாறு ஒரு தருமத்தில் நிலைநிறுத்துவது? பண்டிதர் கண்ட வழி ஒரு வாரப் பத்திரிகை. 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் புதன்கிழமையன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் பெயரில் அவ்விதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. நான்கே பக்கங்கள். விலை அக்காலத்துக் காலணா. ஓர் அணாவுக்கு நான்கு பைசா, ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்று கணக்கிருந்த காலம் அது. கூலிக்காரரும் வாரம் ஒருமுறை கொடுக்கத்தக்க விலை. ஓராண்டுக்குப்பின், 1908-இல், வாசகர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க அது தமிழன் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அவ்விதழில் இல்லாத பொருள் இல்லை எனலாம். சமயமும் சரித்திரமும் இருந்தன. அரசியலும் வைத்தியமும் இருந்தன. உழவைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதினார். பெண்களுக்கெனத் தனிப் பகுதி வைத்தார். வாசகர் எழுதிக் கேட்கும் ஐயங்களுக்கு விடையும் வந்தது. புத்தரது ஆதிவேதம், இந்திரர் தேச சரித்திரம் ஆகிய அவருடைய பெருநூல்கள் இவ்விதழில் வாரந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தவையே. ஆதிவேதத்தை ஒரே நூலாகக் கையில் கொடுத்திருந்தால் அக்காலத்துத் தொழிலாளி அஞ்சி வைத்திருப்பான். வாரத்திற்குச் சிறிது என்று வந்தமையால் அவன் முழுவதையும் படித்து முடித்தான். நோயாளிக்கு மருந்தை வேளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் வைத்தியரின் முறையே இங்கும் விளங்குகின்றது.

அக்காலத்தில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர்? 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஒடுக்கப்பட்ட மக்களுள் இத்தொகை இன்னும் குறைவாயிருந்திருக்கும். அங்ஙனமிருந்தும் ஒரு வாரப் பத்திரிகை அம்மக்களிடையே எவ்வாறு நடந்தது? படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர் சுற்றியமர்ந்து கேட்பர். ஐயம் தோன்றினால் நிறுத்திப் பேசுவர். ஒரு பிரதி பல வீடுகளுக்குப் போதுமானதாயிற்று. இவ்வாறு ஒரு பைசாவில் பத்துப் பேர் படித்தனர்.

பொன் வயலில் வளர்ந்த வாசகர்

தமிழன் இதழ் சென்னையோடு நிற்கவில்லை. பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் முதலிய தொலை இடங்களிலும் அதற்கு வாசகர் இருந்தனர். எனினும் அதன் உயிர்நிலையாய் விளங்கியது கோலார் தங்கவயல். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய இடங்களில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை என்னும் நூல் வெளியீட்டு நிலையம் அமைந்து, பண்டிதரின் எழுத்துக்களைச் சிறு சிறு புத்தகங்களாக வெளியிட்டது.

இவ்விடத்தில் சித்தூர், திருப்பதி வாழ் அன்பர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தங்கவயலின் தொழிலாளர் யாவர்? பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ் மக்கள். பண்டிதரின் வாழ்நாளில் பெரும்பகுதி வரை சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காட்டு மாவட்டத்திலேயே இருந்தன. சித்தூரே அதன் தலைநகரம். 1911-இலேதான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைகள் மாறின; உறவு மாறவில்லை. பொன் வயலில் தமிழன் இதழைச் சுற்றியமர்ந்து கேட்டவர்களுள் நம் பக்கத்து மக்களும் இருந்தனர் எனக் கொள்வதில் தவறில்லை.

அவர்கள் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். பூமியின் அடிவயிற்றில், வெயில் காணாத ஆழத்தில், வெப்பத்திலும் பாறைத் தூசியிலும் கல்லுடைப்பு. பாறை சரிந்து உயிர் போவது புதிய செய்தியன்று. தூசி நுரையீரலைத் தின்று உயிர் போவது இன்னும் மிகுதி. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அதன் ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்டிருந்தது. அத்தகைய வேலை செய்து மேலே வந்த மனிதன் கள்ளுக்கடைக்குச் சென்றிருக்கலாம், சோர்ந்து படுத்திருக்கலாம். அவர்களுள் ஒரு கூட்டத்தார் சங்கத்திற்கு வந்தனர். விளக்கடியில் அமர்ந்து ஆதிவேதம் கேட்டனர். சந்தாவும் சேர்த்து அனுப்பினர். நேரமில்லை என்று இன்று நாம் சொல்லும் சொல் அவர்கள்முன் நிற்குமா?

நூற்பாலையில் பல ஆண்டுகள் ஷிப்டு வேலை செய்தவர் நாம். இயந்திர இரைச்சலுக்கு நடுவே எட்டு மணி நேரம் நின்றபின் உடல் எதை வேண்டும் என்பதை அறிவோம். உணவு இடைவேளையில் சோற்றுத் தூக்கை மூடியபின் எஞ்சும் பத்து நிமிடங்களில் படித்தே நாம் தருமம் கற்றோம். ஆதலின் பண்டிதரின் வாசகர்கள் நமக்குக் கதை மாந்தர் அல்லர். நம் தொழிலாளத் தோழர்களே.

மறைவும் எஞ்சியதும்

ஏறக்குறைய ஏழாண்டுக் காலம் இதழை நடத்திய பண்டிதர், 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் தம் 69-ஆம் வயதில் காலமானார். பணமோ மாளிகையோ அவர் வைத்துச் செல்லவில்லை. அவருக்குப்பின் அவர் மைந்தர் பட்டாபிராமன் சில காலம் இதழை நடத்தினார். 1920-களில் ஜி. அப்பாதுரையார் கோலாரிலிருந்து அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தார்.

பின்னர் நெடுங்காலம் கற்றோர் உலகம் பண்டிதரை மறந்தது. மறவாதவர் எளிய வாசகர் குடும்பங்களே. பழைய தமிழன் இதழ்களைக் கட்டுக் கட்டாய்க் கட்டி வைத்துக் காத்தவர்கள் இருந்தனர். அவ்விதழ்கள் எஞ்சியிருந்தமையாலேயே, ஞான. அலாய்சியஸ் அவர்கள் அவற்றைத் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் என்னும் தொகுப்பு வெளிவந்தது. 2005-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 2023-இல் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. பாட்டனார் ஓலையைக் காத்தார். பேரனின் எழுத்தை வாசகர் காத்தனர். படித்தவர் காத்தனர் என்பதே இரண்டிற்கும் பொருள்.

பண்டிதர் வழி அவரோடு முடியவுமில்லை. அவர் இதழ் தொடங்கிய அதே 1907-இல் சென்னைப் பேராசிரியர் பி. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் பௌத்த சாரத்தை விளக்கும் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலைப் படித்துப் போற்றிய அண்ணல் அம்பேத்கர், 1948-இல் தம் முன்னுரையுடன் அதனை மறுபதிப்பாக வரச் செய்தார். எட்டாண்டுகள் கழித்து நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தீட்சை பெற்றார். பம்பாயில் தாம் கட்டிய இராஜகிருகம் என்னும் இல்லத்தைப் புத்தகங்களை வைப்பதற்கென்றே அமைத்தவர் அவர். எங்கே தொட்டாலும் நம் தருமத்தின் வேர் ஒரு புத்தகத்தில் முடிகின்றது.

நம் இல்லங்களின் நிலை

இனி நம் நிலையை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு 74 பேர் எழுத்தறிந்தோர். பண்டிதர் காலத்து ஆறு எங்கே, இந்த 74 எங்கே! ஆயினும் சித்தூரிலும் திருப்பதியிலும் தருமப் பிரசங்கத்தின் பொருட்டு நாம் செல்லும் உபாசகர் இல்லங்களில் அந்திப்பொழுது எவ்வாறு கழிகின்றது? தந்தை ஒரு திரையில், தாய் ஒரு திரையில், பிள்ளை ஒரு திரையில். நால்வர் இருந்தும் வீடு பேச்சற்றிருக்கிறது. புத்தர் படத்தின்கீழ் உள்ள நூல்கள் பொட்டிட்டுப் பூச்சூட்டப்பட்டு, பிரிக்கப்படாமல் இருக்கின்றன.

நம் பகுதிக்கு மற்றுமொரு துன்பமும் உண்டு. இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் பெரும்பாலும் தெலுங்கும் ஆங்கிலமுமே படிக்கின்றனர். முன்பு தமிழ்ச் செய்தி அறிய வேண்டுமாயின் தமிழெழுத்தைக் கற்றே தீரவேண்டியிருந்தது. இன்றோ கைபேசியில் தமிழ் காதால் வந்துவிடுகின்றது. கண்ணுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. தமிழ் பேசி, தமிழ் கேட்டு, தமிழ் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை எழுகின்றது. பண்டிதரின் ஆதிவேதம் அப்பிள்ளைகளுக்குப் பூட்டிய பெட்டி. இன்னும் ஒரு தலைமுறை சென்றால், பௌத்தர் என்பது சான்றிதழில் எழுதிய ஒரு சொல்லாக மட்டும் எஞ்சும்.

கைபேசியிலும் தருமம் வருகின்றதே என்பர் சிலர். வருவது உண்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் நாள்தோறும் தாமரைப் படத்துடன் வரும் வாசகங்களுட் பல, பகவன் எக்காலத்தும் அருளாதவை. எந்நூலில், எவ்விடத்தில் உள்ளது என்று அவற்றை அனுப்புவோர் சொல்வதில்லை, பெறுவோர் கேட்பதுமில்லை. செவிவழிச் செய்தியென்பதற்காக எதையும் நம்பிவிடாமல் தாமே ஆராய்ந்து தெளியுமாறு காலாமர்களுக்குப் போதித்தவர் நம் பகவன். தாம் கூறும் பொருளுக்கு நூலாதாரம் காட்டி, வாசகர் வினாவுக்கு விடையும் எழுதியவர் நம் பண்டிதர். இவ்விருவர் வழியில் நிற்போர், வந்ததை அப்படியே பிறருக்குத் தள்ளிவிடுதல் தகுமா?

கைபேசியை நாம் பகை என்று கூறவில்லை. பண்டிதரும் தம் காலத்துப் புதிய கருவியாகிய அச்சு இயந்திரத்தைக் கைக்கொண்டவரே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் பலவற்றை இன்று கைபேசியிலேயே படிக்கலாம். குறை வேறிடத்தில் உள்ளது. தமிழன் இதழ் நான்காம் பக்கத்தில் முடிந்தது. முடிந்தபின் அடுத்த புதன் வரை படித்ததை எண்ணிப் பார்க்க வாசகனுக்கு ஒரு வாரம் இருந்தது. திரையில் ஓடும் காணொளிகளுக்கு முடிவே இல்லை. ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே தொடங்குகின்றது. எண்ணுவதற்கு இடமில்லை, நிறுத்துவதற்குப் படியில்லை. நற்கடைப்பிடி என்னும் விழிப்பு அங்கே எவ்வாறு நிற்கும்? ஐந்தாம் சீலம் மதுவை விலக்கச் சொன்னது, அதனால் வரும் மயக்கத்தையும் மறதியையும் கருதியன்றோ? கைபேசி மது அன்று; ஆயினும் நள்ளிரவில் அதனை வைத்துவிட்டுத் தலை நிமிர்பவர் எதைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாதிருப்பது அம்மறதியின் இனமே.

வைத்தியரும் இதனையே கூறுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில், இரண்டு முதல் நான்கு வயதுள்ள பிள்ளைகள் திரையின்முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும், பிள்ளை ஓரிடத்தில் அமரும் நேரத்தில் பெரியவர் உடனிருந்து படித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் நன்று என்றும் அறிவுறுத்தியுள்ளது. நம் பாட்டிமார் செய்ததும், தங்கவயல் சங்கத்தார் செய்ததும் இதுவே.

கைக்கொள்ளத்தக்க வழி

பண்டிதரின் வாழ்விலிருந்து நம் இல்லங்களுக்கு எளிய ஒழுங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்க. தமிழன் பிறந்த புதன்கிழமையே ஆகட்டும். இரவு உணவு முடிந்தபின் வீட்டிலுள்ள கைபேசிகள் யாவும் ஒரு பெட்டியிலோ அலமாரியிலோ அரைமணி நேரம் ஓய்வுகொள்ளட்டும். வீட்டிலுள்ளோர் சுற்றியமர்க. நான்கே பக்கம் படிக்க. அதற்கு மேல் வேண்டா. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க. ஐயம் வந்தால் நிறுத்திப் பேசுக. ஆதிவேதமாயினும் ஆகுக, அண்ணலின் புத்தரும் அவர் தம்மமும் ஆயினும் ஆகுக. தமிழெழுத்து அறியாத பிள்ளை தெலுங்கில் படிக்கட்டும். அவரவர் தம் தம் மொழியிலேயே தருமத்தைக் கற்கலாம் என்று பகவனே அனுமதித்திருக்கிறார். படித்து முடித்தபின் தாயோ தந்தையோ அப்பிள்ளைக்குத் தமிழெழுத்து இரண்டு கற்பித்தால், ஓராண்டுக்குள் அது தமிழும் படிக்கும்.

வாரம் ஒரு நாள் நிலைபெற்றபின் இரண்டு நாளாக்குக. பின் நாள்தோறும் பத்து நிமிடம் என்றாக்குக. பௌர்ணமி உபோசத நாளில் சங்கத்தில் கூடும்போது, அம்மாதம் படித்ததைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டும் என்று விதித்துக்கொள்க. கேள்வி கேட்போர் இருந்தால் பிரசங்கியும் படித்துக்கொண்டு வருவார். அவருக்கும் அது நலம்.

நான்கு பக்கத்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணற்க. வாரம் நான்கு பக்கம் என்பது ஆண்டுக்கு 208 பக்கம். ஒரு நல்ல நூலின் அளவு. அந்த நான்கு பக்கத்தைக் கொண்டே பண்டிதர் சாதியால் நசுக்குண்ட ஒரு மக்கட்கூட்டத்திற்குப் பெயரும் வரலாறும் தருமமும் மீட்டுத் தந்தார். அவர் கொடுத்ததைக் காப்பதற்கும் அந்த நான்கு பக்கம் போதும். அவர் படத்திற்கு நாம் சாத்தும் மாலை மறுநாள் வாடிவிடும். நம் வீட்டில் திறந்த புத்தகம் வாடாது.

யாவரும் கற்றுத் தெளிந்து நலம் பெறுவாராக. சர்வ மங்களம் உண்டாகுக.